எந்தப் பிடி? பாளையங்கோட்டை பிரேக் அண்ணாச்சி

அஞ்சலக ஆர்.டி. (மாதச் சேமிப்பு) பணம் வாங்க திருநெல்வேலி டவுனுக்கும் பாளைக்குமாக தினமும் ஸ்கூட்டரில் அலைகிறவள் நான். ஐப்பசி மழை முடிந்ததும் பின் சக்கரம் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் போன கடையில் (பெயர் வேண்டாம்) "பின்னால பிடிக்குது தம்பி" என்றேன். அவன் காதில் என்ன விழுந்ததோ, பிரேக் நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கி அனுப்பிவிட்டான். ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி முக்கியது. டவுனில் நிறுத்தி, பின் சக்கர நடுவில் பிரேக் இருக்கும் வட்டக் கூடான டிரம் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்றது.

அப்புறம்தான் பாளை மார்க்கெட் பக்கம், பெயர்ப்பலகை இல்லாத இந்தப் பட்டறை.

அண்ணாச்சி வண்டியைத் தொடும் முன்பே கேட்டார்: "எந்தப் பிடியம்மா? பிரேக்க அழுத்துனா பிடிக்கலையா, விட்ட பிறகும் பிடிக்கா?"

பெண் பார்க்க வந்த வீட்டில் 'பிடிச்சிருக்கு' என்றால் நல்ல சேதி. சக்கரத்துக்குச் சொன்னால் செலவு.

ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. கழற்றிக் காட்டினார். பிரேக்கை அழுத்தினால் கேம் என்ற சின்ன இரும்புத் துண்டு திரும்பி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் இரண்டு ஷூவையும் விரிக்கும். விட்டதும் ஸ்பிரிங் உள்ளே இழுக்க வேண்டும். என் கேம் மழைத்தண்ணியில் துருப்பிடித்து, திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஷூ இரண்டும் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போல மின்னின. உப்புத்தாளால் அந்த மினுக்கத்தை எடுத்தார். கேமுக்கு விரல் நுனியில் தொட்ட அளவு கிரீஸ், அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கலாமே அண்ணாச்சி?"

"கூடுனா ஷூவுல வடியும். அப்புறம் பிடிக்கவே பிடிக்காது."

நட்டை மாட்டும்போது லிவரைக் கொஞ்சம் ஆடவிட்டுத்தான் நிறுத்தினார். துளியும் ஆடாமல் முறுக்கினால் ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்குமாம். முதல் கடைப் பையன் செய்ததும் அதேதான்.

குறையும் உண்டு. உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. போனை எடுக்கமாட்டார். நடுவில் டீக்குப் போனால் அரை மணி நேரம் ஆளைப் பிடிக்க முடியாது. அவசரக்காரர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

வேலை முடிந்து சக்கரத்தைச் சுற்றினால் சத்தமில்லாமல் ஓடியது. கூலி 140 ரூபாய். 150 கொடுத்தேன். மீதிக்குச் சட்டைப் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, "சில்லறை இல்லம்மா, அடுத்த தடவை கழிச்சுக்கிடுதேன்" என்று பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.