ஸ்பையா, விஓஓவா?

டுபாயிலும் கட்டாரிலும் உழைக்கும் ஹட்டன், பண்டாரவளைப் பிள்ளைகள் அமெரிக்கப் பங்கு நிதிகளைப் பற்றி விசாரித்தால், பேச்சு பெரும்பாலும் ஸ்பை (SPY), விஓஓ (VOO) என்ற இந்த இரண்டு நிதிகளிலேயே வந்து நிற்கும்.

இரண்டும் அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணையே பின்தொடர்கின்றன. ஒரே தோட்டத்துக் கொழுந்தை இரண்டு பெட்டியில் அடைத்தது போலத்தான். ஸ்பையை 1993இல் ஸ்டேட் ஸ்ட்ரீட் நிறுவனம் தொடங்கியது. விஓஓவை 2010இல் வான்கார்ட் நிறுவனம் தொடங்கியது.

வித்தியாசம் கட்டணத்தில் இருக்கிறது. ஸ்பை ஆண்டுக்கு 0.0945 சதவீதம் எடுக்கிறது, விஓஓ 0.03. பத்தாயிரம் டொலருக்கு முன்னதில் 9 டொலர் 45 சதம், பின்னதில் 3 டொலர். சில்லறைக் காசுதானே என்று தோன்றும். ஆனால் முதலீடு வளர வளர இந்தத் தொகையும் வளரும், இருபது வருடம் விடாமல் கழியும். அதற்கு ஈடாக நீண்டகால முதலீட்டாளருக்கு ஸ்பை கூடுதலாக எதையும் தருவதில்லை. அதன் பலம் வேறு: நாளுக்குப் பலமுறை வாங்கி விற்பவர்களும், குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையை (ஒப்ஷன்) வியாபாரம் செய்பவர்களும் அங்கே அதிகம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவருக்கு அது எதற்கு?

பங்கிலாபம் இரண்டிலும் காலாண்டுக்கு ஒருமுறை வரும். நட்டத்திலும் பேதமில்லை, 2022இல் அந்தச் சுட்டெண் சுமார் 19 சதவீதம் சரிந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

நான் விஓஓ பக்கம். மாதந்தோறும் சிறு தொகை போடுபவர் தரகரின் கமிஷனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் சில டொலர் போனால், மேலே சொன்ன சேமிப்பு அதிலேயே கரைந்துவிடும்.