பூஜ்ய நேரமா, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியா?

இராமேசுவரம் விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை சிறைபிடித்த மறுநாளே மக்களவையில் குரல் எழுப்ப வேண்டுமானால், கடலோரத் தொகுதியின் உறுப்பினருக்கு, அவசரப் பிரச்சினைகளை எழுப்ப இடம் தரும் பூஜ்ய நேரமே கைகொடுக்கும். ஆனால் அங்கே அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிக்க வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கோ 15 நாள் முன்னறிவிப்பு தேவை. குலுக்கலில் தேறி, நாளொன்றுக்கு 20 மட்டுமே கொண்ட பட்டியலிலும் இடம்பிடிக்க வேண்டும்.

இருந்தும் நான் இதையே பெரிதாக மதிக்கிறேன். எத்தனை படகுகள் மீட்கப்பட்டன, எத்தனை நாட்டுடைமையாக்கப்பட்டு அக்கரையிலேயே மக்கிக் கிடக்கின்றன என்று கேட்டால் அமைச்சர் விடையளிக்கக் கடமைப்பட்டவர்; மழுப்பினால் துணைக்கேள்வி தொடுக்கலாம். அவையில் முறை வராவிட்டாலும் எழுத்துப்பூர்வப் பதில் பதிவாகும். படகை இழந்தும் கடன் தவணை கட்டும் குடும்பம், அந்த அச்சுத்தாளைக் காட்டி நிவாரணம் கேட்க முடியும்.