மாத்திரைக்குள் கேமரா: விழுங்கலாம், ஆனால் கேட்டுவிட்டு விழுங்குங்கள்

ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை என்றால் டாக்டர் அடுத்துச் சொல்வது கேப்சூல் எண்டோஸ்கோபிதான், அதாவது மாத்திரை அளவு கேமராவை விழுங்கிக் குடலைப் படம் எடுப்பது. சித்தப்பாவுக்கு அதைத்தான் செய்தோம். 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் குறுக்களவு, மயக்க ஊசி கிடையாது, ஒரு வாய்த் தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. இந்தக் கேமரா மாத்திரைகளில் 2001-ல் வந்த முதல் பில்கேம் நொடிக்கு 2 படம் எடுத்தது. அதன் பிந்தைய மாடலான எஸ்பி 3, குடல் வேகமாகத் தள்ளும்போது 6 வரை கூட்டிக்கொள்கிறது. இடுப்பில் படங்களைப் பதியும் ரெக்கார்டரோடு சித்தப்பா வராண்டாவில் நடந்துகொண்டே எல்லோரிடமும் கதை பேசினார். சிறுகுடலில் ரத்தம் கசிந்த இடம் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

குறை என்றால், இது பார்க்கும், தொடாது. சோதனைக்குச் சதை எடுக்கவோ கசிவை அடைக்கவோ மறுபடி குழாய்தான். கிரோன் என்ற குடல் அழற்சி நோயில் குடல் சுருங்கியிருந்தால் உள்ளேயே சிக்கலாம், அப்படிச் சந்தேகம் இருந்தால் முதலில் கரையும் சோதனை மாத்திரை உண்டா என்று கேளுங்கள். அப்புறம், கேப்சூல் வெளியே வரும்வரை எம்ஆர்ஐ பக்கமே போகக்கூடாது. இதை எங்களிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, கையில் கொடுத்த தாளைப் படித்துத்தான் தெரிந்தது. விலையும் உறுத்துகிறது, காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.