பிள்ளைக்கு வந்த முதுசம்: சிறுவர் சேமிப்புக் கணக்கு எவ்வளவு காப்பு?

தகப்பன் விட்டுப்போன காசில் பிள்ளையின் பங்கைச் சிறுவர் கணக்கில் போட்டால் 18 வயது மட்டும் பத்திரம் என்பது மட்டக்களப்பில் வழமையான பேச்சு. முக்கால்வாசி சரி. பூட்டு நல்ல பூட்டுத்தான், ஆனால் சாவி யாரிடம் என்பதைப் படிவத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பங்கு. மரணசாசனம் எழுதாமல் தகப்பன் இறந்தால், 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. இரண்டு பிள்ளை என்றால் ஆளுக்குக் கால். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்றுதான்.

கணக்கைப் பிள்ளையின் பெயரில் மட்டும் திறவுங்கள். தாயோடு கூட்டுக் கணக்காக்கி, 'இருவரில் எவரும் எடுக்கலாம்' என்ற இடத்தில் அடையாளம் போட்டால் காப்பு அங்கேயே முடிந்தது. தனிப் பெயரில் இருந்தாலும் ஒரு ஓட்டை உண்டு. படிப்பு, வைத்தியம் என்று பாதுகாவலர் கடிதம் கொடுத்தால் முகாமையாளர் விடுவிக்க இடமிருக்கிறது. மூத்த குமருக்கு வீடு கட்ட இளையவனின் பங்கு போவது இந்த வழியால்தான். (அம்மா கெட்டவள் என்பதல்ல; சீதன வீடு இங்கே அப்படி நெருக்கும்.) வைத்தியசாலைப் பற்றுச்சீட்டு, பாடசாலைக் கடிதம் என்று துருவிக் கேட்கிற கிளையைக் கோபிக்காதீர்கள், அதுதான் நல்ல கிளை.

வட்டியில் இந்தக் கணக்கு தோற்கிறது. 15 இலட்சத்துக்குச் சேமிப்பில் 3 வீதம், நிலையான வைப்பில் 7 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 45,000 எங்கே, 105,000 எங்கே! பரிசாகத் தரும் உண்டியலும் புத்தகப் பையும் அதை ஈடுசெய்யாது. பெருந்தொகையைப் பிள்ளையின் பெயரிலேயே நிலையான வைப்பாக்கி, வட்டியையும் அந்தக் கணக்குக்கே திருப்புங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான்; தேசிய சேமிப்பு வங்கியில் முழுத் தொகைக்கும் அரச உத்தரவாதம்.

காணி வளவும் பங்கில் இருந்தால் வங்கிப் படிவம் போதாது. பராயமடையாத பிள்ளையின் காணியை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாத உறுதியை நம்பி வாங்கியவருக்குப் பிறகு வழக்குத்தான்.

18 நிறைந்ததும் பிள்ளை அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். அன்றைக்கே, கணக்குத் திறந்த நாளிலிருந்து முழுக் கூற்றையும் கேட்டு வாங்குங்கள். புதுப் புத்தகத்தில் மிச்சத் தொகை மட்டும்தான் இருக்கும், இடையில் எடுத்தது தெரியாது.