7 பேர்ச்சஸ் வேலிக்கு சைப்பிரஸா, செவ்வரத்தையா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் புது வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் (ஏறக்குறைய 177 சதுர மீற்றர்) காணி. வீடு போக மிஞ்சுகிற ஓரத்தில் வேலிக்கு என்ன வைப்பது? நுவரெலியா பூங்காக்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு சைப்பிரஸ் என்ற ஊசியிலை மரத்தின் மேல் ஆசை. மற்றவர்களுக்குச் செவ்வரத்தை. (எங்கள் அப்பாயிக்கு அது கடைசிவரை செம்பருத்திதான்.)

சைப்பிரஸ் அழகில்லை என்று யார் சொன்னது? வருஷம் முழுக்கப் பச்சை, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். 'மக்ரோகார்ப்பா' வகைக்குப் பிறந்த ஊர் கலிபோர்னியாவின் மொன்டரே கடலோரம். காற்றுக்குப் பழகிய மரம். ஆனால் சும்மா விட்டால் 25 மீற்றரையும் தாண்டும். அவ்வளவு சின்னக் காணியில் அது வேலியாக நிற்காது, வெயிலைத்தான் மறைக்கும்.

வெட்டி அடக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேயிலைக்குக் கவ்வாத்து அடிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கட்டையாக நறுக்கினாலும் தளிர் வரும் என்பது நம் கணக்கு. இரண்டு வருஷம் கத்தரிக்காமல் விட்ட சைப்பிரஸ் வேலியில் அந்தக் கணக்கைப் போட்டேன். பச்சை இருந்த இடம் துளிர்த்தது. பழுப்புக் கட்டை தெரிய வெட்டிய இடமெல்லாம் ஓட்டையாகவே நின்றது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. சைப்பிரஸ் வைத்தால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நுனி வெட்டியே ஆகவேண்டும்.

செவ்வரத்தைக்குத் தேயிலையின் குணம். முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் எழும்பும். காசும் வேண்டாம்: மழை பிடித்ததும் பென்சில் பருமனில் முற்றின கம்பு, ஒரு முழம், ஒரு கணுவாவது மண்ணுக்குள். பூ ஒரு நாளைக்குத்தான், ஆனால் அடுத்த நாளைக்கு வேறு பூ. காலையில் சாமிக்குப் பறிக்கலாம். மாவுப்பூச்சி வரும், சவர்க்காரத் தண்ணீர் அடித்தால் அடங்கும். பக்கத்து வீட்டு ஆடு வந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் நான் செவ்வரத்தைக் கட்சி. நுவரெலியா வேறு கதை. 1868 மீற்றரில், தை மாத விடியலில் புல் வெள்ளையாக உறைகிற பள்ளங்களில், செவ்வரத்தையின் இளந்தளிர் கருகிவிடும், பூவும் குறையும். அங்கே சைப்பிரஸையே வையுங்கள். கத்தரிக்கோலை மட்டும் எட்டாத இடத்தில் வைக்காதீர்கள்.