டிவிடி டிரைவ் காணோம்: காசுக்கு விற்கிற மென்பொருளும் கடலூரில் கிடைத்த வைத்தியமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் திடீரென்று காணாமல் போய்விட்டால், "உங்கள் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்" என்று கூவி விற்கிற மென்பொருளுக்குச் சந்தா கட்டாதீர்கள். (டிரைவர் என்றால் ஒரு சாமானை விண்டோஸ் ஓட்டுவதற்கு வேண்டிய குட்டி மென்பொருள், டிரைவ் வேறு.) எங்கள் ஸ்டுடியோவுக்காக வாங்கிய ஒன்றை வைத்துத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். மஞ்சக்குப்பத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவனிடம் கேளுங்கள், சொல்வான். புதுக் கல்யாணங்களுக்கு எல்லாரும் பென்டிரைவ்தான் கேட்கிறார்கள், சரி. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் டிவிடியில்தான் கிடக்கிறது, வீட்டிலோ அதைப் போட்டுப் பார்க்க பிளேயர் கிடையாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன வீடுகளில் ஆல்பம் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அப்படிப்பட்டவர்களுக்கு அந்த டிவிடிதான் மிச்சம். அதை பென்டிரைவில் ஏற்றித் தருவது எங்களுக்கு இன்றைக்கும் நல்ல வேலை. அதனால் டிரைவ் நின்றால் கல்லா நின்றது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் எடிட்டிங் மெஷினை 11-க்கு ஏற்றினோம், கூடவே பல வருஷமாகச் சும்மா கிடந்த பழைய டிவிடி எழுதும் மென்பொருள் ஒன்றையும் அன்இன்ஸ்டால் செய்தோம். ரீஸ்டார்ட் ஆகி வந்தால் திஸ் பிசியில் டிரைவைக் காணோம். பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வருகிறது, வட்டைப் போட்டால் உள்ளே சுழலும் சத்தம் கேட்கிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, ஆனால் விண்டோஸ் மட்டும் அப்படி ஒரு சாமானே இல்லை என்று சாதிக்கிறது. மெஷினில் இருக்கிற சாமான்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே எங்கள் டிரைவின், அதாவது டிவிடி ரைட்டரின் பெயர் இருந்தது, பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதை இரட்டைக் கிளிக் செய்தால் டிரைவரை ஏற்ற முடியவில்லை, அது கெட்டிருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம், கோட் 39 என்று ஒரு செய்தி.

இந்தச் செய்தியைப் படித்தவுடன் யாருக்கும் தோன்றுவது டிரைவர் போச்சு, புது டிரைவர் போடணும் என்பதுதான். அந்த இடத்தில்தான் இந்த மென்பொருள் வியாபாரமே நடக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். இலவச ஸ்கேன் என்பார்கள், ஓடி முடித்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு நீளப் பட்டியல் காட்டுவார்கள், சவுண்டு பழசு, நெட்வொர்க் பழசு, சிப்செட் பழசு, மெஷினே ஐசியூவில் இருப்பது மாதிரி ஒரு பயம் காட்டி, சரிசெய்யணும் என்றால் காசு கட்டு என்று நிற்கும். கட்டினோம். சவுண்டு டிரைவரை மாற்றியது. வைஃபை டிரைவரை மாற்றியது. டிவிடி ரைட்டருக்கு நேரே "புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று பச்சை டிக் போட்டது, முக்கோணம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது!

இதில் அந்த மென்பொருளைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். டிவிடி டிரைவுக்குத் தனி டிரைவர் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. எந்தக் கம்பெனி டிரைவாக இருந்தாலும் விண்டோஸ் தன்னிடமே இருக்கிற சிடிராம்.சிஸ் என்ற கோப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது. ஆகவே புதுப்பிக்க அங்கே ஒன்றுமில்லை, பச்சை டிக் போட்டது பொய்யும் இல்லை. ஆனால் இது தெரிந்தும் "டிவிடி டிரைவ் கண்டறியவில்லையா? நாங்கள் சரிசெய்கிறோம்" என்று விளம்பரத்தில் போட்டு விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உதவிக்கு எழுதிக் கேட்டபோது வந்த பதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள் என்பது. அதற்கு நீங்கள் எதற்கு?

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் சந்தாவை ரத்துசெய்யும் பட்டன் கண்ணில் படும் இடத்தில் இருந்ததற்காக.

அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது? டிவிடி எழுதும் மென்பொருள், இல்லாத டிரைவை இருப்பதுபோல் காட்டும் வர்ச்சுவல் டிரைவ் மென்பொருள், பாட்டு ஒழுங்குபடுத்தும் சில மென்பொருள்கள், இவையெல்லாம் நிறுவும்போது விண்டோஸின் சிடிராம் டிரைவருக்கு மேலும் கீழும் தங்களுடைய குட்டி டிரைவர் ஒன்றைச் செருகிவைக்கும். ஃபில்டர் டிரைவர் என்று பெயர். மேலே உட்காருவது அப்பர்ஃபில்டர்ஸ், கீழே உட்காருவது லோயர்ஃபில்டர்ஸ் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும். மென்பொருளை எடுக்கும்போது கோப்பு போய்விடும், ரெஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் நின்றுவிடும். கட்டட வேலையில் ஆள் மாற்றி ஆள் செங்கல் கைமாற்றும்போது நடுவில் ஒருத்தர் எழுந்து போய்விட்டால் எப்படியோ அப்படித்தான், விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடும், கோப்பு இருக்காது, மொத்த வரிசையும் நின்றுபோகும். டிரைவ் நல்லாத்தான் இருக்கும், சிடிராம்.சிஸ்ஸும் நல்லாத்தான் இருக்கும். 39 மட்டுமில்லை, 19, 31, 32, 41 என்று எந்த எண் வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரண்டு வரிகளைத்தான்.

இதைக் காசில்லாமல் பார்க்க இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் போதும். 2013-இல் வந்த 2.5.8.0 பதிப்போடு நின்றுபோன பழைய சாமான், முகப்பும் பழைய காலத்துப் பட்டன்களோடுதான் இருக்கும், நிறுவும்போது வேறு ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிட்டுப் போங்கள். ஆனால் டூல்ஸ் மெனுவுக்குள் ஃபில்டர் டிரைவர் லோட் ஆர்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். மேலிருந்து கீழாக யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுக்கிக் காட்டிவிடுகிறது. எங்கள் மெஷினில் அன்இன்ஸ்டால் செய்த அந்தப் பழைய மென்பொருளின் வால் அங்கே பல்லிளித்துக்கொண்டிருந்தது. அரை நட்சத்திரம் குறைத்தது, எந்தப் பெயர் எதற்குச் சொந்தம் என்று அது விளக்காததால். பெயரை நீங்கள்தான் தேடிப் பார்க்கணும்.

மென்பொருளே வேண்டாம், கையாலேயே செய்கிறேன் என்றால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துகிற ரெஜெடிட் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கிப் போனால் நீள நீளமான எண்களில் வரிசையாகக் கோப்புறைகள் வரும். அதில் 4டி36ஈ965 என்று தொடங்குவதுதான் டிவிடிக்கு உரியது. அதைத் தொட்டதும் வலது பக்கத்தில் கிளாஸ் என்ற வரிக்கு நேரே சிடிராம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் டிரைவ் வந்து நிற்கும். பெயருக்குப் பின்னால் பிஏகே என்று முடிவது இருந்தால் விட்டுவிடலாம். இப்போதும் பயன்படுத்துகிற எழுதும் மென்பொருள் ஏதாவது இதனால் முரண்டு பிடித்தால் அதை மறுபடி நிறுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்து வீட்டில் கை வைத்துவிடாதீர்கள். 965-க்குக் கொஞ்சம் கீழே இருக்கிற 967 ஹார்டு டிஸ்குக்கு உரியது. அதிலும் அப்பர்ஃபில்டர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் பார்ட்மேனேஜர் டிரைவரின் பெயர் இருக்கும், அதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமல் நீலத்திரையில் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் கீழே 96பி கீபோர்டுக்கு, 96எஃப் மவுஸுக்கு. அங்கேயும் அதே பெயரில் வரி இருக்கும், அழித்தால் கீபோர்டு போய்விடும், அப்புறம் பாஸ்வேர்டு அடிக்கக்கூட வழியில்லை. வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மஞ்சள் முக்கோணம்கூட இல்லாமல் டிவைஸ் மேனேஜரிலேயே பெயர் இல்லையென்றால் கதை வேறு. பழைய விண்டோஸ் 7, 8, 10 மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்டே சொன்ன ஒரு வழி உண்டு, ரெஜிஸ்ட்ரியில் ஏடிஏபிஐ என்ற சேவைக்குக் கீழே கண்ட்ரோலர்0 என்று ஒரு கீ (கோப்புறை) போட்டு அதில் என்யூம்டிவைஸ்1 என்ற டிவேர்டுக்கு, அதாவது எண் வரிக்கு, 1 என்று மதிப்புக் கொடுப்பது. சில மெஷினில் கேட்கும், பலதில் கேட்காது. அதற்கு முன், விண்டோஸ் எழுவதற்கு முன்னாலேயே ஓடுகிற பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயே டிரைவின் பெயர் இல்லையென்றால் விண்டோஸில் எதைத் தோண்டியும் பிரயோஜனம் இல்லை, கேபிளைத்தான் பார்க்கணும்.

இங்கேதான் திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன சர்வீஸ் கடையைப் பற்றிச் சொல்லியாகணும். ஸ்டுடியோவின் இன்னொரு மெஷின், அதிலும் டிரைவ் காணோம். கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி பவர் கொடுத்ததும் விண்டோஸ் வரைக்கும் விடவே இல்லை, டெலீட் கீயைத் தட்டிப் பயாஸுக்குள் போய்ப் பார்த்தான்.

"அண்ணே, இது சாஃப்ட்வேர் இல்லண்ணே. போர்டே பாக்கல."

"புது ரைட்டர் வாங்கணுமா?"

"இருங்க, அவசரப்படாதீங்க."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ரைட்டரை மதர்போர்டோடு இணைக்கிற சிவப்பு சாட்டா கேபிளை உருவி டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே இருக்கிற பொன்னிற முனைகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. சில்வர் பீச்சிலிருந்து ரொம்ப தூரமில்லை எங்கள் கடை, உப்புக்காற்றில் இரும்பு கேட்டே பொரிந்துபோகிற ஊர். வேறு கேபிள் மாட்டி, போர்டில் பக்கத்து சாக்கெட்டில் செருகினான், பயாஸில் பெயர் வந்துவிட்டது. கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து வாங்கியது நான் அந்த மென்பொருளுக்குக் கட்டியதில் சொற்பம். ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம், ஆனால் மதியம் எப்போது திறப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது, போனையும் எடுக்க மாட்டார்கள், அதனால் நாலு.

அந்தக் கடையில் இன்னொரு விஷயமும் தெளிவாகச் சொன்னார்கள். டிரைவ் தெரிகிறது, ஆடியோ சிடி பாடுகிறது, டிவிடி போட்டால் மட்டும் வெறும் வட்டு என்கிறது என்றால் ரெஜிஸ்ட்ரிப் பக்கமே போக வேண்டாம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று சோர்ந்துபோய் மற்றது உயிரோடு இருக்கலாம். எந்த மென்பொருளாலும் சோர்ந்த லேசரைத் தேற்ற முடியாது. அதேபோல டிரைவ் தெரிகிறது, கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் அது டிரைவின் குற்றமே இல்லை, விண்டோஸ் 8-இலிருந்தே மைக்ரோசாஃப்ட் டிவிடிப் படம் ஓட்டும் வசதியை இலவசமாகச் சேர்த்துத் தருவதில்லை, விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டுக்கொண்டால் முடிந்தது.

கடைசியாக, மாற்றுக்கு ஒன்று கையில் இருக்கட்டும் என்று பாண்டியில் நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் யூஎஸ்பியில் செருகுகிற வெளி ரைட்டர் ஒன்று வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம். எடை இல்லை, பிளாஸ்டிக் கொஞ்சம் தகர டப்பா மாதிரி கடகடக்கிறது, வட்டைக் குமிழில் அமுக்கும்போது அடியில் கை கொடுத்துக்கொள்ளணும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் செருகினால் தெரியும், மறையும், மறுபடி தெரியும். யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான், வட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் அது பத்தாமல் போகிறது, முன்பக்கத்துக்கு உள்ளே ஓடுகிற ஒல்லி ஒயர் இன்னும் கொஞ்சத்தைக் குடித்துவிடுகிறது. பின்னால் போர்டிலேயே இருக்கிற நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகியதிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. ஹப்பில் செருகுவதாக இருந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றரை நட்சத்திரம். கூடக் கொடுத்த கேபிள் ஒரு ஜாண்தான், மேசைக்கு மேலே வைக்கணும் என்றால் தனியாக நீளக் கேபிள் வாங்கியாகணும்.