கர்ப்பகாலப் பரிசோதனை: தனியாகவா, கூட்டாகவா?

தனியாகப் போனால் பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ரத்த அழுத்தம், எடை, குழந்தையின் இதயத்துடிப்பு, அவ்வளவுதான். கேட்க நினைத்த கேள்வி வாயிலேயே நின்றுவிடும்.

கூட்டு முறையில், பிரசவ தேதி ஏறக்குறைய ஒரே மாதத்தில் வரும் 8 முதல் 12 பெண்கள் மிட்வைஃபோடு (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு அமர்வும் 90 முதல் 120 நிமிடம். ரத்த அழுத்தத்தைத் தாங்களே அளந்து குறித்துக்கொள்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் அறையின் ஓரத்தில், ஒவ்வொருவராக. "ராத்திரியானா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது" என்று ஒருத்தி சொன்னால், "எனக்கும்தான்" என்று மூன்று குரல் எழும். பாதி பயம் அங்கேயே போய்விடும். 1990களில் அமெரிக்காவில் இதை வடிவமைத்த ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங்கும் ஒரு மிட்வைஃப்தான்.

அங்கே 1,047 இளம் பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், குறைப்பிரசவம் கூட்டு முறையில் 9.8%, தனி முறையில் 13.8%. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் அடி, பழைய கருச்சிதைவு போன்றவற்றைப் பத்துப் பேர் முன்னால் பேச முடியாது. அதற்குத் தனி அறைதான். சிக்கலான கர்ப்பத்துக்கு நிபுணரின் கண்காணிப்பும் கூடவே வேண்டும். மற்றபடி, முதல் பிரசவம் என்றால் கூட்டு முறையைத்தான் சொல்வேன். சேருமுன், தனியாகப் பேசவும் நேரம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.